தெருவில் பிறந்த சங்கீதத்துக்கு டிக்கட்டு எதற்கு?

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா என்று ஒரு தேசம் இருக்கின்றது. அதன் தலைநகரம் புவெனோஸ் ஐரஸ். அந்தப் பட்டணத்தில் 2001-ம் வருஷத்தில் சில இளைஞர்கள் கூடி, பெர்னாண்டஸ் பியேரோ என்ற பெயரால் ஒரு டாங்கோ வாத்திய கோஷ்டியை ஏற்படுத்தினார்கள். அதே வருஷக் கடைசியில் அத்தேசத்துப் பொருளாதாரம் கவிழ்ந்து விழுந்தது. பாங்கியில் போட்ட சொந்தப் பணத்தையே ஜனங்கள் இஷ்டப்படி எடுக்க முடியாமல் தவித்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் டிக்கட்டு வாங்கிக் கச்சேரி கேட்க யார் வருவார்கள்? இந்த இளைஞர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் பியானோவையே தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, சான் டெல்மோ என்னும் பழைய பேட்டையில் நின்று வாசித்தார்கள். சந்தைக்கு வந்தவன், வேலையற்றவன், குழந்தையை இடுப்பில் வைத்தவள் எல்லோரும் நின்று கேட்டார்கள். வாசற்படியும் இல்லை, முன்வரிசை பின்வரிசையும் இல்லை.

இதைச் சொன்னால் சில “கலா ரசிகர்”களுக்கு மூக்கு சுளிக்கின்றது. “ஓசியில் கிடைப்பதற்கு மதிப்பு ஏது? தெருவில் வாசிப்பது கலைக்கு இழுக்கல்லவா? பாமரனுக்குச் சங்கீதத்தின் நுட்பம் என்ன தெரியும்?” என்று கேட்கின்றார்கள். இந்தக் கேள்விகளின் யோக்கியதையைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவது, இந்த டாங்கோ யாருடைய சொத்து? அரசன் சபையில் பிறந்ததா? எந்தக் கடவுளாவது உடுக்கையிலிருந்து உதிர்த்ததா? ஒன்றும் இல்லை. 19-வது நூற்றாண்டின் கடைசியில் புவெனோஸ் ஐரஸ், மொண்டெவிடியோ என்ற இரண்டு துறைமுகப் பட்டணங்களின் ஓரங்களில், ஒரு அறையில் ஒரு குடும்பமே அடைந்து கிடந்த நெருக்கடிக் குடியிருப்புகளில் பிறந்தது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைக்க வந்த கூலிகளும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் பிள்ளைகளும் சேர்ந்து உண்டாக்கியது. 1897-ம் வருஷத்தில் பெயர் பெற்ற ஒரு டாங்கோவைக் கட்டிய ரோசெண்டோ மெண்டிசாபல் என்பவர் ஆப்பிரிக்க வம்சத்தவரே. அதன் உயிர் நாடியான பாண்டோனியன் என்னும் துருத்தி வாத்தியமோ ஜெர்மனியில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தது. 1914-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி புவெனோஸ் ஐரஸ் வாசிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஆகவே இது கலப்புச் சரக்கு. சுத்தம், பரம்பரை, தெய்வீகம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

அந்தக் காலத்துப் பணக்காரர்கள் இதை என்ன சொன்னார்கள்? சாக்கடைச் சங்கதி என்றார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கேட்கக்கூடாது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகள் இருட்டிய பிறகு அந்தச் சாக்கடைப் பக்கம் போய் ஆடிவிட்டுத்தான் வந்தார்கள் என்பது வேறு விஷயம். பிறகு 1913-ல் பாரிஸ் பட்டணத்துச் சீமான்களுக்கு டாங்கோ பைத்தியம் பிடித்தது. உடனே புவெனோஸ் ஐரஸ் சீமான்களுக்கும் அது “நாகரிகம்” ஆகிவிட்டது! தன் ஊர்த் தொழிலாளி வாசித்தபோது அசிங்கமாக இருந்தது, பாரிஸ்காரன் கைதட்டியவுடன் அழகாக மாறியது என்றால், இவர்களுக்குக் காது இருந்ததா, இல்லை வெறும் அந்தஸ்து வெறி இருந்ததா என்று கேட்கின்றோம்.

இனி மதத்தின் லட்சணத்தைப் பார்ப்போம். ஜெர்மன் சக்கரவர்த்தி 1913-ல் தன் ராணுவ அதிகாரிகள் சீருடையில் டாங்கோ ஆடக்கூடாது என்று தடுத்தார். அடுத்த வருஷம், 1914 ஜனவரியில், பாரிஸ் ஆர்ச்பிஷப்பான கார்டினல் அமெத், டாங்கோ கிறிஸ்தவர் ஆடத் தகாத பாவம் என்று கண்டித்தார். ரோமாபுரியிலும் கார்டினல் பொம்பிலி கண்டனம் எழுதினார். சரி. அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து என்ன நடந்தது? 2014 டிசம்பர் 17-ந்தேதி போப் பிரான்சிஸின் 78-வது பிறந்த நாள். அவர் புவெனோஸ் ஐரஸில் பிறந்தவர். வாலிபத்தில் டாங்கோ ஆடியதாகத் தாமே சொன்னவர். அவரைக் கௌரவிக்க, அதே ரோமாபுரியில், செயின்ட் பீட்டர் கோவிலின் எதிரிலேயே ஏராளமான ஜோடிகள் டாங்கோ ஆடினார்கள்! நாம் கேட்பது ஒன்றுதான்: 1914-ல் பாவமாயிருந்தது 2014-ல் மரியாதையாக மாறியது எப்படி? இந்த நூறு வருஷத்தில் கடவுள் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டாரா? அல்லது அன்று கடவுளின் பேரால் பேசியவர்கள் தங்கள் சொந்த வெறுப்பையே பேசினார்களா? பாவம், புண்ணியம் என்பதெல்லாம் அந்தந்தக் காலத்தில் அதிகாரம் உள்ளவன் ஒட்டும் சீட்டுதான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1943-ல் அதிகாரத்தைப் பிடித்த ராணுவத்தார், ரேடியோவில் பாடும் டாங்கோ பாட்டுகளில் தெருப் பாஷை வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். தொழிலாளி பேசும் பேச்சில் தொழிலாளி தன் கஷ்டத்தைப் பாடக்கூடாதாம்! மேலானவன் பேச்சுதான் பாஷை, மற்றவன் பேச்சு அழுக்கு என்ற ஆணவம் எல்லா நாட்டிலும் ஒரே அச்சில் வார்த்ததாகவே இருக்கின்றது.

நிற்க. இப்போது நிலைமை என்ன? 2009-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் டாங்கோவை மனித குலத்தின் கலாசாரச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது. அதே ஊரில் சுற்றுலாக்காரர்களுக்கு விருந்தோடு சேர்த்து டாங்கோ காட்டி டாலர் கணக்கில் வசூலிக்கும் மாளிகைகள் இருக்கின்றன. எந்தக் கூலியின் பாட்டன் இதை உண்டாக்கினானோ, அந்தக் கூலி உள்ளே நுழைய அவன் பல நாள் சம்பளம் போதாது! மனித குலத்தின் சொத்து என்று பத்திரம் எழுதிவிட்டு, வாசலில் காவற்காரனை நிறுத்துவது எந்த நியாயம்?

ஆதலால், தெருவிலும் பூங்காவிலும் இலவசமாக நடக்கும் டாங்கோ கச்சேரியைத் தர்மம் என்று சொல்லுவது தப்பு. திருடப்பட்ட பொருளை உடையவனிடம் திருப்பிக் கொடுப்பதற்கு யாராவது தர்மம் என்று பெயர் வைப்பார்களா? அந்நகர நிர்வாகம் வருஷந்தோறும் நடத்தும் டாங்கோ விழாவின் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசமாகவே நடந்து வந்திருக்கின்றன. அது எந்தப் பிரபுவின் கருணையும் அல்ல. ஜனங்களின் வரிப்பணம் ஜனங்களின் காதுக்குத் திரும்புகின்றது, அவ்வளவே.

“அப்படியானால் வாசிப்பவன் பட்டினி கிடப்பதா?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கேட்பவனுக்கு இலவசம் என்றால் வாசிப்பவனுக்குக் கூலி இல்லை என்று அர்த்தமல்ல. ஓஸ்வால்டோ புக்லியேசே என்ற பொதுவுடைமைக்காரர் தமது கோஷ்டியைக் கூட்டுறவாகவே நடத்தி, வருமானத்தைப் பங்கு போட்டுக்கொண்டார். அரசியலுக்காக அவர் சிறையில் இருந்த நாட்களில், அவருடைய தோழர்கள் ஆளில்லாத பியானோவின் மேல் ஒரு சிவப்புப் பூவை வைத்துவிட்டுக் கச்சேரி செய்தார்கள். அந்த மனிதரையே 1985-ல் அந்நாட்டின் பெரிய சங்கீத மாளிகையான கொலோன் மேடைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. பெர்னாண்டஸ் பியேரோ கோஷ்டியும் முதலாளி இல்லாத கூட்டுறவுதான். ஆகவே உழைப்பவன் கூலியை விழுங்குகிறவன் தெருவில் ஓசியாகக் கேட்பவன் அல்ல, நடுவில் உட்கார்ந்து கமிஷன் அடிப்பவனே என்பது தெரிகின்றதல்லவா?

டாங்கோ என்பதற்காக அதிலுள்ள எல்லாவற்றையும் நாம் புகழத் தயாராயில்லை. பல பாட்டுகள் “என்னை ஏமாற்றிவிட்டுப் போனாள்” என்று பெண்ணைப் பழிப்பதையே தொழிலாகக் கொண்டவை. ஆடும்போதும் ஆண் இழுப்பான், பெண் பின்தொடர வேண்டும் என்பதே வழக்கமாயிருந்தது. இது பழைய குப்பை. பாக்கிடா பெர்னார்டோ என்ற பெண் 1920-களின் தொடக்கத்திலேயே அந்தத் துருத்தி வாத்தியத்தைத் தொழிலாக வாசித்துக் கூட்டத்தைச் சேர்த்தாள். 25 வயது நிறைவதற்குள் 1925-ல் மாண்டாள். அவளுக்குப் பின் எத்தனையோ வருஷம் கழித்து, 2019-ல்தான் சங்கீத விழா மேடைகளில் நூற்றுக்கு 30 பேராவது பெண்களாயிருக்க வேண்டும் என்று அர்ஜென்டினாவில் சட்டம் வந்தது. கலையின் பேரால் பெண்ணடிமையைக் காப்பாற்றுவதைவிட அந்தக் கலை மாறுவதே மேல்.

தோழர்களே! அர்ஜென்டினாக்காரன் ஆட்டத்தால் நமக்கு என்ன என்று இருந்துவிட வேண்டாம். எந்தக் கலையைப் பற்றி யார் வந்து “இது தெய்வீகம்”, “இது இழிவு”, “இது உனக்குப் புரியாது” என்று சொன்னாலும், மூன்று கேள்வி கேளுங்கள். இதை உண்டாக்கியவன் யார்? இதனால் பிழைப்பவன் யார்? இதைக் கேட்க முடியாமல் வெளியே நிற்பவன் யார்? இம்மூன்றுக்கும் யோக்கியமான பதில் வராத வரையில், அவர்கள் சொல்லும் கலையும் ஒரு பூட்டுதான். அதைப் பியானோவைத் தெருவுக்குத் தள்ளிய அந்த இளைஞர்களைப் போல் உடைத்தெறிய வேண்டுமே ஒழிய, வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பது மானமுள்ளவன் செய்யும் வேலையல்ல.