பழைய கூலியை ஏன் கேட்கிறார்கள்?

புதிதாக ஒரு மில்லுக்கு வேலை கேட்டுப் போகிறான் தொழிலாளி. தொழில் தெரியுமா, எந்த டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தாய் என்ற விசாரணையெல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. பிறகு வருகிறது அசல் கேள்வி: "பழைய இடத்தில் என்ன வாங்கினாய்?"

சாதாரண விசாரிப்பு என்று இதை நினைத்துவிடக் கூடாது. பழைய முதலாளி அடிமாட்டு விலைக்கு வேலை வாங்கியிருப்பார். அதற்கு மேல் பத்து ரூபாய் கூட்டிப் போட்டுவிட்டு, தர்மம் செய்துவிட்டதாகப் புது முதலாளி மீசையை முறுக்கிக்கொள்வார். ஒருவர் செய்த சுரண்டலை இன்னொருவர் சுவீகாரம் எடுத்துக்கொள்கிறார்! இவரிடம் நூல் வாங்க வருகிறவன், "பஞ்சை என்ன விலைக்கு வாங்கினீர்கள்?" என்று கேட்டால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுவாரா? அன்றைய மார்க்கெட் விலையைச் சொல்லுவார். உழைப்பை விற்கும் நாம் மட்டும் ஏன் மடியை அவிழ்த்துக் காட்டவேண்டும்? "இந்த வேலைக்கு இங்கே என்ன கொடுக்கிறீர்கள்?" என்று நாம் திருப்பிக் கேட்போம். அந்தப் பதிலை, ஷிப்டு விட்டு வருகிறவர்களிடம் டீக்கடையில் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.

சொல்லும் தொகையையும் அப்படியே நம்பக்கூடாது. எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்கவேண்டும். உதாரணத்துக்கு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் என்கிறார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு மணிக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். நாலு மணி ஓவர்டைம், எட்டு மணிக்குச் சமம். ஆக, பதினாறு மணிக் கூலிதான் அந்த 600. எட்டு மணி வேலைக்கு விழுவது வெறும் 300 ரூபாய்! பி.எப். 12 சதவிகிதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவிகிதம் போக ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமாகப் பெயர் வைத்து நடத்தினார்களே, அதை மறக்க முடியுமா? மூன்று வருஷம் உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். நடுவில் நோய்ப்பட்டு வீடு திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. மாதாமாதம் கைக்கு வராத பணத்தை நாம் கூலிக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

பேசியதை எழுத்தில் வாங்கவேண்டும். 2025 நவம்பரில் அமலாக்கப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம். ஆனால் தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும் என்று அவற்றிலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் போட்ட சட்டத்தைக் காட்டியே கடிதத்தைக் கேட்போமே!

வயல் வேலையில் "முதலில் இறங்குங்கள், கூலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். சேற்றில் கால் வைத்த பிறகு பேரம் ஏது? கரையில் நிற்கும்போதே, கூட்டமாக நின்று பேசி முடிக்கவேண்டும். தஞ்சையில் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்ட 1944ல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது, செங்கொடிச் சங்கமாக நின்று பேசியதால்தான். கூலி உயர்வு கேட்டுப் போராடிய வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்களை நெருப்பில் பறிகொடுத்தோம்.

இன்று டெல்டாவில் நடவுக்கு வங்காளத்திலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். "நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள்" என்று அவர்கள்மேல் பாய்கிறவர்கள் நம்மிலேயே உண்டு. ஏக்கருக்கு எவ்வளவு பேசி அழைத்து வந்தார்கள், அதில் புரோக்கர் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று அவர்களிடம் யாராவது கேட்டோமா? பாஷை தெரியாவிட்டால் என்ன, விரல் விட்டு எண்ணிக் காட்டினால் போதும். அவர்கள் ரேட்டும் நம் ரேட்டும் ஒன்றாகட்டும். மிராசுதார் பிறகு யாரைக் காட்டி யாரை மிரட்டுவார்?