டோரா கேட்டால் பதில் சொல்லணும்



நீலகிரி மலையின் நடுவட்டத்திலிருந்து ஒரு வாசகி இன்லேண்ட் லெட்டரில் எழுதியிருக்கிறார். (இன்லேண்ட் லெட்டர் இன்னும் வருகிறது என்பதே எங்கள் அலுவலகத்தில் ஒரு சந்தோஷம்.) அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவர். மகள் காலையில் கொழுந்து பறிக்கப் போய்விடுகிறாள். மூன்று வயதுப் பேரன் பாட்டியின் பொறுப்பில். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"என் மக சின்னப் பிள்ளையா இருக்கும்போது இதே வீட்டுல, கவர்மெண்ட் குடுத்த டி.வி.யில டோரா பார்ப்பா. டோரா என்னமோ கேட்கும், இவ இங்கேயிருந்து கத்துவா. அடுப்படியில இருக்கிற என்னையும் சொல்லச் சொல்லி நச்சரிப்பா. இப்ப பேரன் போன் பார்க்கிறான். ஏ பி சி டி முழுசும் சொல்றான், கலர் எல்லாம் இங்கிலீசுல சொல்றான். ஆனா ஒரு கேள்வி கேட்டா வாயைத் திறக்கிறதில்லை. அதுவும் படம்தான், இதுவும் படம்தான். ஏங்க இப்படி?"

குழந்தைகளும் திரையும் பற்றிய சிறப்பிதழாக இந்த மாத இதழைத் திட்டமிட்டிருந்தோம். கட்டுரைகள் வந்து குவிந்திருந்தன. பெரும்பாலானவை எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்ற கணக்கிலேயே நின்றுவிட்டன. அந்தக் கட்டுரைகள் தொடாத இடத்தை இந்தக் கடிதம் தொட்டது.

அவர் சொல்லும் காலம் எனக்கும் நினைவிருக்கிறது. இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006 செப்டம்பரில் தொடங்கியது. திட்டம் முடிவதற்குள் ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்கு மேல் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போய்விட்டன. ஊட்டிக்கும் கூடலூருக்கும் நடுவே, 1860களில் சின்கோனா பயிரிட்ட நடுவட்டத்துப் பழைய மலைச்சரிவிலும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக உருவான தேயிலைத் தோட்டங்களிலும், அந்தப் பெட்டிதான் முதல் டி.வி. என்றிருந்த வீடுகள் நிறைய. 2007 ஏப்ரலில் சுட்டி டி.வி. வந்தது. பெட்டியும் வந்து, அதில் பிள்ளைகளுக்கென்றே தமிழ் பேசும் சேனலும் வந்தது, ஏறக்குறைய ஒரே சமயத்தில். அப்போது ஐந்து வயதாக இருந்தவர்கள் இப்போது அப்பா, அம்மா ஆகியிருக்கிறார்கள்.

அந்தச் சேனலில் வந்த டோராவை நினைத்துப் பாருங்கள். "பாலம் எங்கே இருக்கு?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு நேராக நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பாள். கண் கொட்டுவாள். இரண்டு, மூன்று விநாடி எதுவும் நடக்காது. பெரியவர்களுக்கு அந்த மௌனம் எரிச்சலாக இருக்கும், கேலியும் செய்தோம். பாலம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது, இவளுக்குக் கண் தெரியாதா என்று மீம்ஸ் போட்டவர்கள் இன்றும் போடுகிறார்கள். ஆனால் லைன் வீட்டில் தரையில் உட்கார்ந்திருந்த நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த மூன்று விநாடிதான் நிகழ்ச்சியே. அது தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், வார்த்தையை மனதில் எடுக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் நேரம் வேண்டுமே! திருட வரும் குள்ளநரியைத் தடுக்க, 'திருடக்கூடாது' என்று மூன்று தடவை சேர்ந்து சொல்லச் சொன்னதும் அதற்காகத்தான். முதல் தடவை கேட்கும், இரண்டாவது தடவை முணுமுணுக்கும், மூன்றாவது தடவை கத்தும்.

இது தற்செயலாக அமைந்ததில்லை. 1996இல் அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற நிகழ்ச்சி வந்தது. அதைச் செய்தவர்கள் ஒரே கதையைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். வேறு யாராவது செய்திருந்தால் வேலையைவிட்டே அனுப்பியிருப்பார்கள். ஆனால் பிள்ளைகள் சலிக்கவில்லை. ஐந்தாம் நாள் வரும்போது திரையில் இருப்பவர் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார்கள். நான்கு வருடம் கழித்து அதே சேனலில் வந்த டோரா, கேள்வி கேட்டுக் காத்திருக்கும் அந்த வழியில்தான் நடந்தாள். 2005இல் லைன்பார்கர், வாக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மிகச் சிறு குழந்தைகளின் பேச்சையும் அவர்கள் பார்த்த நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டார்கள். டோராவும் ப்ளூஸ் க்ளூஸும் பார்த்த குழந்தைகளுக்கு வார்த்தைகள் கூடுதலாக இருந்தன. டெலிடப்பீஸ் பார்த்தவர்களுக்குக் குறைவாக இருந்தன. சின்ன ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் நம் வாசகியின் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் கிடைக்கிறது. படத்துக்குப் படம் வித்தியாசம் இருக்கிறது, பாட்டி.

பேரன் போனில் பார்ப்பது என்ன? கடிதத்தில் பெயர் இல்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைகள் பார்ப்பதில் பெரும்பகுதி பாட்டு வீடியோக்கள்தான் என்று எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். அந்தத் துறையில் உலகத்துக்கே பெரிய கைகளில் ஒன்று நம் சென்னை என்பது பலருக்குத் தெரியாது. சூச்சூ டி.வி. 2013இல் சென்னையில் வினோத் சந்தர் தன் மகளுக்காகச் செய்த ஒரு பாட்டு வீடியோவில் தொடங்கியது. இன்று அமெரிக்கா வரைக்கும் குழந்தைகள் சாப்பிடும்போது ஓடுவது அதுதான். தமிழிலும் தனிச் சேனல் வைத்திருக்கிறார்கள். வண்ணமும் இசையும் அழகுதான், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பாட்டு வீடியோவுக்கு நிற்கத் தெரியாது. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. பிள்ளை வாயைத் திறப்பதற்குள் யானை போய் சிங்கம் வந்துவிடுகிறது. கேள்வியே கேட்காத ஒன்றுக்குப் பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்?

இங்கே ஒரு விஷயம் உறுத்துகிறது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு என்ன காட்டுவது என்பதை நாம் பெரும்பாலும் கடைத்தெருவிடமே விட்டுவந்திருக்கிறோம். 1975 ஆகஸ்ட் 1ஆம் தேதி, நாசாவின் செயற்கைக்கோளைக் கடன் வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுபோனது இந்தியா. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை; நமக்கு அதே மாதம் 15ஆம் தேதி சென்னை தூர்தர்ஷன் வந்தது. அந்தக் கிராமங்களில் காலை நேர நிகழ்ச்சி 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு. அதற்குக் கீழே உள்ளவர்கள் கணக்கில் வரவில்லை. 2019 ஆகஸ்ட் 26ஆம் தேதி, சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது அது இல்லாவிட்டால் எத்தனை பிள்ளைகள் பாடத்தையே மறந்திருப்பார்கள்! அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அதன் முதுகெலும்பு வகுப்புவாரிப் பாடம். பள்ளிக்கூட வாசலில்தான் அரசாங்கத்தின் திரை தொடங்குகிறது. நம் வாசகியின் பேரன் அந்த வாசலுக்கு வர இன்னும் இரண்டு வருடம் ஆகும்.

நடுவட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் எப்படிக் கொட்டும் என்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கனத்த மழை வந்தால் டிஷ் ஆன்டெனாவுக்கு வரும் அலையை மழைத்துளிகளே தின்றுவிடும். திரையில் சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும் நிற்கும். போனும் ஒரு வளைவில் கிடைத்தால் அடுத்த வளைவில் கிடைக்காது. இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1969 நவம்பரில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்கியபோது சில ஊர்களில் நல்ல அலைவரிசையில் தெளிவாகத் தெரிந்தது. சில ஊர்களில் மோசமான அலைவரிசை, படமே சரியாக வராது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு அது சரியாகக் கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து மெலிஸா கெர்னி, பிலிப் லெவின் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அந்த ஊர்களைப் பிரித்து எடுத்துப் பார்த்தார்கள். தெளிவாகத் தெரிந்த ஊர்களில் அப்போது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் இருந்தது அதிகம். ஏழைப் பகுதிகளில் அந்தப் பலன் இன்னும் கூடுதல். பெரியவர்களான பிறகு சம்பளத்தில் அவ்வளவு தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்டெனா ஒரு குழந்தையின் ஒன்றாம் வகுப்பைத் தொட்டிருக்கிறது! மலைக்காரர்களான நமக்கு இது புரிகிற சங்கதி.

கேள்வி கேட்டுக் காத்திருக்கும் வழிக்குத் திரும்பினால், கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் வீடுகளுக்குத் தெரிந்த, 2020 ஜூன் 1ஆம் தேதி திரையில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கேரளத்தின் விக்டேர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' தொடங்கிய நாள். ஒன்றாம் வகுப்புக்கு வந்த சாய் ஸ்வேதா டீச்சர் இரண்டு பூனைகளின் கதை சொன்னார். முன்னால் ஒரு பிள்ளை இல்லை, கேமரா மட்டும்தான். ஆனால் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதுபோலவே கூப்பிட்டார், கேட்டார், பதில் வந்ததுபோல் சந்தோஷப்பட்டார். அன்றைக்கே சிலர் அதை வெட்டி ஒட்டிக் கிண்டல் செய்தார்கள். ஆனால் நிறையப் பேர் டீச்சர் பக்கம் நின்றார்கள். கிண்டல் செய்தவர்கள் ஒன்றாம் வகுப்பு வயதைத் தாண்டியவர்கள் என்பதைக் கவனியுங்கள். டோராவைக் கிண்டல் செய்தவர்களும் அப்படித்தான்.

நம்மிடம் இந்த வித்தை இல்லாமலும் இல்லை. சென்னை வானொலியில் 'வானொலி அண்ணா' கூத்தபிரான் சிறுவர் நிகழ்ச்சி நடத்திய காலத்தில், பிள்ளைகளையே மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். அவர்கள் திக்குவார்கள், சிரிப்பார்கள், பாட்டை நடுவில் மறப்பார்கள். வீட்டில் கேட்கும் பிள்ளைக்கு அதில் ஒரு தெம்பு வந்தது. இப்போது நிகழ்ச்சிகளில் வரும் குழந்தைக் குரல்களைக் கேளுங்கள். ஒரு பிசிறும் இருக்காது.

சரி, பாட்டிக்கு என்ன பதில்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயது முடியும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல். ஜெனிவாவில் இருந்து சொல்வது எளிது. வெளியே மழை, அடுப்பில் சோறு, மகள் மாலைதான் வருவாள் என்கிற வீட்டில் அந்த ஒரு மணி நேரம் சில நாள் இரண்டாகும். அதற்காக அந்தப் பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. காப்பகம் நல்லபடி நடந்தால் போனுக்குப் பாதி வேலை குறையும்.

ஆனால் ஒன்றைத் தள்ளிப் போடாதீர்கள். கேள்விக்குப் பதிலே சொல்லாத மூன்று வயதுப் பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால், போனைத் திட்டுவதற்கு முன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். காது நன்றாகக் கேட்கிறதா, பேச்சு வயதுக்கேற்ப வருகிறதா என்று பார்ப்பார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவும் இதைப் பார்க்கும். தேவையென்றால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குறை ஏதாவது இருந்தால் சீக்கிரம் தெரிவது நல்லது.

மற்றபடி, வீடியோ ஓடும்போது நிறுத்துகிற பொத்தான் இருக்கிறதே, அதை நீங்கள் பயன்படுத்துங்கள், பாட்டி. யானை வந்ததும் நிறுத்தி, "இது எங்கே பார்த்தோம்?" என்று கேளுங்கள். கூடலூர்ச் சாலையில் பார்த்த யானையை அவன் சொல்லட்டும். உடனே சொல்லாவிட்டால் காத்திருங்கள். டோரா அளவுக்குப் பொறுமை உங்களுக்கும் உண்டு, கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

வாசகர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த மாதத்திலிருந்து ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்காக ஒலிப்பதிவுக் கதைகளை வாட்ஸ்ஆப் வழியே அனுப்பப் போகிறோம். சிக்னல் கிடைக்கும் வளைவில் இறக்கி வைத்துக்கொண்டால் மழை நாளில் வீட்டில் கேட்கலாம். நம் மலையின் வீடுகளில் பேசும் தமிழிலும், படுகு மொழியிலும், மலையாளத்திலும் கதை, விடுகதை, தாலாட்டு அனுப்புங்கள். இலங்கையிலிருந்து வந்த பெரியவர்கள் அங்கே கேட்ட கதைகளும் வரட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பின்னணி இசை வேண்டாம். பதிவு செய்யும்போது ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்; அது நடுவில் புகுந்து ஏதாவது கேட்டால் அந்த இடத்தை வெட்டாமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்