குடும்பத்தில் பிரசவம்!

கேஸ் வந்தபின் கொல்லையில் விறகுக் கொட்டகை சும்மா கிடந்தது. கோழிக் கூண்டாக்கினால் என்ன?

உள்ளே தலைக்கு 2 சதுர அடி போதும் சார், நம்முடையது 48! குறுக்கே கம்பு கட்டி, உமி பரப்பி, ஜன்னலுக்குக் கோழி வலை அடித்தேன். அம்மா ஊரிலிருந்து ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் கொண்டுவந்தாள். இடம் பழகட்டும் என்று அடைத்தே வைத்தோம்.

மூன்றாம் நாள் ஆபீஸ் விட்டு வந்து எண்ணினால் நாலுதான்! வலை பத்திரமாக இருக்கிறது. தகரத்துக்குக் கீழே மண்ணில் ஒரு பொந்து.

"கீரிப்பா!" என்றாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. "உன் வலை, கோழி வெளியே போகாம இருக்க. கீரி உள்ளே வராம இருக்க, சுத்தி ஒரு அடி தோண்டி அரை அங்குலக் கம்பி வலையைப் புதைக்கணும்."

அம்மா என்னைத் திட்டவில்லை. குருணை போட்டபடி, "செவலை முட்டை வைக்க ஆரம்பிச்சிருந்தா..." என்றாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ராத்திரியே டார்ச்சும் கடப்பாரையுமாக இறங்கினேன். நாலு நாளில் உள்ளங்கை நிறையக் கொப்புளம்.

இப்போது கறுப்பி அடை உட்கார்ந்திருக்கிறாள். 21-ம் நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காரணமா? மேலே தலைப்பைப் பாருங்கள்!