நுழைந்தது, படம்தான் வரவில்லை

இரண்டு முனை பிளக்கை மூன்று துளை சுவிட்சில் செருகுவதற்கு, பேனாவால் மேல் துளையைக் குத்தித் திறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆபத்தான பழக்கம், வேண்டாம். ஆனால் அந்த பிளக்கிடம் ஒரு நேர்மை இருந்தது. பொருந்தாது என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடும். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த கணினித் திரையிடம் அதுகூட இல்லை. எல்லாம் அழகாகப் பொருந்தியது. படம் மட்டும் வரவில்லை.

மகளுக்குப் பினாங்கு நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. வாரத்தில் மூன்று நாள் மெர்கோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு ஆபீஸ். 14 அங்குல மடிக்கணினியில் எக்செல் கட்டங்களைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்துவிட்டது. மூன்று மாத ஓவர்டைம் காசைச் சேர்த்து 27 அங்குலத் திரை வாங்க முடிவு செய்தாள். 4கே ரகம், 1,150 வெள்ளி.

கெட்டிக்காரப் பெண். அலோர்ஸ்டாரில் உள்ள ஒரு கடைக்கு மடிக்கணினியின் மாடல் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதில் யூஎஸ்பி-சி கேபிள் வழியாக ஓடுமா?" என்று முன்கூட்டியே கேட்டாள். வந்த பதில் ஒரே சொல்: "போலே."

வீட்டுக்கு வந்து கேபிளைச் செருகினோம். திரையில் "நோ சிக்னல்" என்று எழுத்து வந்தது, அணைந்தது. கேபிளைத் திருப்பிச் செருகினோம். மடிக்கணினியை அணைத்துப் போட்டோம். ராத்திரி பத்து மணி வரைக்கும் அதே கதை.

"அப்பா, ஓட்டை ஒன்றுதானே, ஏன் வேலை செய்யவில்லை?" என்றாள். அங்கேதான் விஷயம்.

பழைய நீல நிற விஜிஏ பிளக் ஞாபகம் இருக்கிறதா? 1987இல் வந்தது, 15 ஊசி, பக்கத்துக்கு ஒரு திருகு. அதைப் படத்துக்கு மட்டுமே பயன்படுத்தினோம். நுழைந்தால் படம் வரும். நுழையாவிட்டால் கடையிலேயே தெரிந்துவிடும். 2014இல் வந்த யூஎஸ்பி-சி வேறு மாதிரி. 24 இணைப்பு முனைகள் கொண்ட இந்தச் சின்ன வாய் சார்ஜ் ஏற்றும், கோப்புகளைக் கடத்தும், படத்தையும் அனுப்பும். ஆனால் மூன்றையும் செய்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. படம் போவதற்கான வசதியை உள்ளே வைப்பதா, காசை மிச்சம் பிடிப்பதா என்பதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். மகளின் மடிக்கணினியில் அந்த வசதி இல்லை.

மறுநாள் டிவியிலிருந்த எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிக்கொண்டு வந்தோம். படம் வந்தது! ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்பு தயங்கித் தயங்கி வந்தது. எச்டிஎம்ஐயிலும் தலைமுறைகள் உண்டு. 2009இல் வந்த 1.4 ரகம் 4கே படத்தை நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கும். 60 தடவை வேண்டுமென்றால் 2013இல் வந்த 2.0 ரகம் வேண்டும். மகளுடையது 1.4. இதிலும் வாய் ஒன்றுதான், வித்தியாசம் வெளியே தெரியாது.

அவசரப்பட்டு நான் வேறொரு கடையில் 45 வெள்ளிக்கு ஓர் இணைப்பி வாங்கி வந்தேன். டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது. எங்களுக்கு வேண்டியதோ எதிர்த்திசை. இந்த இணைப்பிகள் பெரும்பாலும் ஒருவழிச் சாலை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த 45 வெள்ளி என் கணக்கில்.

"போகட்டும் விடும்மா, ஏதோ ஓடுகிறதே. கடைக்காரனிடம் போய் எதற்குச் சண்டை?" என்றேன்.

"ஏன்ப்பா விடணும்? நான் கேட்டுத்தானே வாங்கினேன்" என்றாள். அந்த ஒரு சொல் பதிலை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள்.

அவள் பக்கம் சட்டம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, இன்ன வேலைக்கு என்று நாம் தெரியப்படுத்தி, கடைக்காரரின் சொல்லை நம்பி வாங்கும் பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மலாயில் திரிபுனல் துந்துதான் பெங்குனா என்பார்கள். 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி.

அங்கே போக வேண்டிய அவசியம் வரவில்லை. "பெட்டியைத் திறந்தாச்சு, முடியாது" என்று ஆரம்பித்த கடைப் பையன், வாட்ஸ்அப்பைக் காட்டியதும் முதலாளியைக் கூப்பிட்டான். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு 4கேக்குக் கீழே உள்ள 2560-க்கு 1440 ரகத் திரையை மாற்றிக் கொடுத்தார், 780 வெள்ளி. மீதிக் காசும் கைக்கு வந்தது. பழைய எச்டிஎம்ஐயிலேயே நொடிக்கு 60 தடவை ஓடுகிறது.

திரை வாங்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்:

முதலில் மடிக்கணினியைப் பாருங்கள், பிறகு திரையை. யூஎஸ்பி-சி வாய்க்குப் பக்கத்தில் டி, பி எழுத்துகள் பின்னிய குறியோ, அம்பு முனையுள்ள மின்னல் குறியோ இருந்தால் படம் போகும். குறியே இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் டிஸ்பிளேபோர்ட் என்ற சொல்லைத் தேடுங்கள்.

கைப்பேசி சார்ஜர் கேபிளை நம்பாதீர்கள். பலவற்றில் படத்துக்கான கம்பிகளே இருக்காது. திரையோடு பெட்டியில் வரும் கேபிளைப் பயன்படுத்துங்கள்.

4கே என்றால் எச்டிஎம்ஐ 2.0 இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டு திரை வேண்டுமா? 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர் ஒரு வெளித் திரையைத்தான் ஏற்கும். வாங்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

முடிந்தால் மடிக்கணினியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். முடியாவிட்டால் மாடல் எண்ணை எழுதி அனுப்பிக் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

மகளின் கழுத்து வலி இப்போது பரவாயில்லை. சாப்பாட்டு மேசையில்தான் இடம் போய்விட்டது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். என் 45 வெள்ளி இணைப்பி யாருக்காவது பொருந்தினால் சொல்லுங்கள்.