ஜன்னல் இல்லாத அறை வீடாகுமா?

மே மாதத்தில் இரவு பதினொரு மணிக்கு மேல் தாராவியின் உள்சந்துகளில் நடந்து சென்றால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். வீட்டுக்குள் படுத்து உறங்க வேண்டியவர்கள் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்கள் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருப்பார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் சந்தின் முனைவரை நடந்து திரும்புவாள். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் கீழே படுக்க ஆள் இருக்காது. பகல் முழுவதும் கூரைக்கடியில் சேர்ந்த சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது. விசிறி அந்தச் சூட்டைத்தான் அள்ளிக் கீழே இறக்குகிறது.

மும்பையில் வேலை தேடி வந்த தமிழர்களில் பெரும்பாலோர் தொடங்கியது இப்படிப்பட்ட அறைகளில்தான். நீளம் பத்தடி, அகலம் பத்தடி. மூன்று பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். நான்காவது பக்கத்தில் ஒரு கதவு. தலைக்கு மேல் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ. இந்த அறைகளில் பலவற்றைக் குடியிருந்தவர்களே பலகையும் தகரமும் வாங்கிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக் கையால் கட்டிக்கொண்டார்கள். பிறகு செங்கல் வந்தது, பரண் வந்தது, தரைக்கு டைல்ஸ் வந்தது, தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்பெட்டியும் வந்தன. வராமலே போனது ஜன்னல் ஒன்றுதான்.

அமெரிக்காவில் விடுமுறை நாட்களில் ஊர் சுற்றப் போகிறவர்கள் காரின் பின்னால் ஒரு சிறு வண்டி வீட்டை இழுத்துச் செல்வதுண்டு. 1930களிலேயே தொடங்கிய பழக்கம் இது. ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் வாங்கி அதைத் தாங்களே வீட்டுக் கொல்லையில் செய்துகொள்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். இருவர் படுக்க மட்டும் இடமுள்ள பெட்டி அது. அதைச் செய்கிறவன் முதலிலேயே இரண்டு பக்கமும் ஜன்னலுக்கு அளவு குறித்துக்கொள்கிறான். கூரையில் பதினான்கு அங்குலச் சதுரத்தில் ஒரு துளை வெட்டி, பாட்டரியில் ஓடும் சிறு விசிறியைப் பொருத்துகிறான். மூடிய பெட்டிக்குள் இருவர் ஓர் இரவு மூச்சுவிட்டாலே காலையில் சுவரில் ஈரம் பூத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

இரண்டு இரவு தங்குவதற்கான பெட்டிக்கே இவ்வளவு யோசனை. ஆறு பேர் முப்பது வருடம் வாழும் அறைக்கு அந்த யோசனை ஏன் கடைசியாக வருகிறது? இதைக் கேட்டாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஜன்னல் வைக்காததற்கு மக்கள் சொல்லும் காரணங்கள் அசட்டையாகத் தள்ளக்கூடியவை அல்ல. "சன்னல வச்சா போற வாறவன் கண்ணெல்லாம் வீட்டுக்குள்ளதான அண்ணாச்சி இருக்கும்? வயசுக்கு வந்த பிள்ளை இருக்கு" என்று ஒரு தாய் கேட்டால் அதில் நியாயம் உண்டு. திருட்டுப் பயம் உண்டு. எலி உண்டு. சாக்கடை நாற்றம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாய்ந்து அடிக்கும் மழை உண்டு. இவற்றுக்கெல்லாம் பயந்து கதவையும் சாத்திக்கொள்கிறார்கள். ஆனால் இந்தத் தொல்லைகள் ஒவ்வொன்றுக்கும் சிறு செலவில் பரிகாரம் இருக்கிறது. காற்றில்லாமைக்குத்தான் பரிகாரம் இல்லை.

வாசல் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் அகலமான ஜன்னல் வைத்தால் கண் படாது. கம்பியும் எலி நுழையாத இரும்பு வலையும் போட்டால் திருடனும் வரமாட்டான், எலியும் வராது. மேலே ஒன்றரை அடி தகரம் சாய்த்துவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வராது. கதவின் அடிப்பாகத்தில் கம்பி வலை வைத்த திறப்பு இருந்தால் கதவைச் சாத்திய பிறகும் காற்று நுழையும்.

காற்றின் கணக்கு மிகவும் எளிது. அது உள்ளே வர ஒரு வழியும், வெளியே போக இன்னொரு வழியும் வேண்டும். சூடான காற்று மேலே ஏறும். ஆகவே வருகிற வழி தாழ்வாகவும், போகிற வழி உயரமாகவும், அறையின் எதிர்ப்பக்கத்திலும் இருக்க வேண்டும். மூன்று பக்கமும் அடைபட்ட அறைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி கூரைதான். கூரையின் உயர்ந்த ஓரத்தில், அல்லது அதை ஒட்டிய சுவரின் உச்சியில், ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றை வைத்தால் கூரைக்கடியில் நிற்கும் சூடு வெளியே போகும். நாற்பது வாட் விசிறி இரவு முழுவதும் பத்து மணி நேரம் ஓடினாலும் மாதம் பன்னிரண்டு யூனிட்தான் ஆகும். மின்சாரமே வேண்டாம் என்பவர்கள் தொழிற்சாலைக் கூரைகளில் சுழலும் உருண்டைக் காற்றாடியை வைக்கலாம். ஆனால் காற்றசைவே இல்லாத இரவில் அது அதிகம் உதவாது.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. விசிறியை மட்டும் வைத்துவிட்டு, காற்று வரும் வழியை வைப்பதில்லை. வெளியே தள்ள உள்ளே புதுக் காற்று வந்தால்தானே? வழியில்லாத விசிறி சும்மா இரைச்சல் போடும், அல்லது சாக்கடை ஓரத்து இடுக்கு வழியாக நாற்றத்தை இழுத்துவரும். வருகிற வழி, போகிற வழியைவிடப் பெரிதாக இருப்பது நல்லது.

கூரையில் கை வைப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய சிமெண்ட் ஷீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கும். அதை மின்ரம்பம் வைத்து அறுத்தால் கிளம்பும் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. பல வருடம் கழித்துத்தான் அதன் விளைவு தெரியும். ஆகையால் அந்த ஷீட்டை அறுக்காமல் நனைத்து முழுதாகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தகர ஷீட்டைப் போட்டு அதில் துளை வெட்டுவதே புத்திசாலித்தனம். மற்றொன்று சமையல் எரிவாயு. அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். கூரை விசிறி அதை இழுத்துவிடும் என்று நம்பக்கூடாது. நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவைத் திறந்து வெளியேற வேண்டும். கதவின் அடியில் திறப்பு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவையெல்லாம் வெறும் சௌகரியத்துக்காகச் சொல்லப்படும் விஷயங்கள் அல்ல. உலகில் காசநோய் காண்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். இருமலில் வெளிப்படும் காசநோய்க் கிருமி, அடைபட்ட அறையின் காற்றில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். காற்று மாறினால் அது கலைந்துபோகும். வெயில் பட்டால் சாகும். வெப்பமும் அதேபோல் உயிர் குடிக்கக்கூடியது. அண்டை மாநிலமான குஜராத்தின் ஆமதாபாத் நகரில் 2010ஆம் ஆண்டு மே மாதத்து அனலில், வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அதன் பிறகே 2013இல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித் திட்டம் வகுத்தது. ஏழைகளின் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலையும் அங்கே தொடர்ந்து நடந்தது. சுண்ணாம்புப் பூச்சுக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை.

மும்பைக்கு இந்தப் பாடம் புதிதுமல்ல. 1896இல் இந்த நகரில் பிளேக் நோய் புகுந்து ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கடியான குடியிருப்புகளைப் பற்றி அரசாங்கம் அப்போதுதான் கவலைப்பட்டது. 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைக்கப்பட்டது. கடற்காற்று ஊருக்குள் வரும்படி அகலமான சாலைகள் வெட்டப்பட்டன. தாதர், மாதுங்கா பகுதிகள் இடைவெளி விட்டுத் திட்டமிடப்பட்டன. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் அதே மாதுங்காதான். அதன் மரங்களும் வராந்தாக்களும் யாரோ ஒருவர் காற்றைக் கணக்குப் போட்டதால் வந்தவை. அந்த டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஆர் என்ற அதிகாரி 63½ டிகிரி விதி ஒன்றை வற்புறுத்தினார். நாற்பதடி உயரக் கட்டிடத்தின் முன் இருபதடியாவது திறந்தவெளி வேண்டும் என்பது அதன் பொருள். டிரஸ்ட் இடித்த வீடுகளுக்கு ஈடாகப் போதிய வீடுகளைக் கட்டித் தரவில்லை என்ற பழியும் உண்மைதான். ஆனாலும் அந்த விதி நல்ல விதி.

அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது என்ன? மான்குர்த், கோவண்டி பக்கத்தில் குடிசைவாசிகளை மாற்றிக் குடியமர்த்தக் கட்டப்பட்ட நட்வர் பாரேக் காலனியில் ஏழு மாடிக் கட்டிடங்களுக்கு நடுவே பல இடங்களில் பத்தடி இடைவெளிதான் விடப்பட்டது. பழைய விதிப்படி முப்பதடிக்குமேல் இருந்திருக்க வேண்டும். அங்கே ஜன்னல் உண்டு, ஆனால் அது எதிர் வீட்டுச் சுவரைத்தான் பார்க்கிறது. இத்தகைய காலனிகளை ஆராய்ந்தவர்கள், வெயில் எட்டாத கீழ் மாடிகளில் காசநோய் அதிகம் என்று 2018இல் எடுத்துக் காட்டினார்கள். குடிசையிலிருந்து மாடி வீட்டுக்குப் போனவனுக்குக் கக்கூஸும் குழாயும் கிடைத்தன, காற்று மட்டும் கிடைக்கவில்லை.

தாராவி மறுசீரமைப்பு வேலை 2022இல் ஏலம் விடப்பட்டு முடிவானது. தகுதி பெற்ற குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. அன்று முதல் டீக்கடையிலும் சங்கக் கூட்டங்களிலும் பேச்செல்லாம் சதுர அடியைப் பற்றியும், யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்பதைப் பற்றியும்தான். அது இயற்கை. ஆனால் அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். அறைக்கு எத்தனை ஜன்னல்? ஜன்னலுக்கு எதிரே எத்தனை அடி வெளி? எந்த மாடிவரை வெயில் விழும்? வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் கதவு நீங்கலாகத் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டிட விதித் தொகுப்பு காட்டும் அளவு. நூறு சதுர அடி அறைக்குப் பதினாறு சதுர அடிக்குமேல் என்று இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கூட்டத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைச் சட்டைப்பையில் எழுதிவைத்துக்கொண்டு போகட்டும். கையெழுத்துப் போடுமுன் வரைபடத்தைக் கேட்டு வாங்கட்டும்.

புது வீடு வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. மறுசீரமைப்பு முடிய எத்தனை கோடைகள் ஆகுமோ, அத்தனை கோடைகளையும் இந்த அறையில்தான் கழிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவன் சுவரை வெட்டினால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்பது நிஜம். வீட்டுக்காரரும் பெரும்பாலும் நம் ஊர்க்காரராகவே இருப்பார். டெபாசிட் வாங்கும் அண்ணாச்சிமார், ஒரு ஜன்னலும் ஒரு விசிறியும் வைத்துக் கொடுத்தால் அவர் வீடும் கெடாது, குடியிருப்பவனும் ஓடிப்போக மாட்டான். விசிறி தள்ளும் புகை எதிர்வீட்டு வாசலில் போய் விழுந்தால் புதுச் சண்டை பிறக்கும். அதனால் இது ஒருவர் தனியாகச் செய்யும் காரியமல்ல. சந்தில் உள்ளவர்கள் கூடிப் பேசி, எல்லா விசிறியும் கூரைக்கு மேலே திறக்கும்படி வைத்துக்கொண்டால் யாருக்கும் தொல்லையில்லை. கோயில் கொடைக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் வீட்டுக்கு வீடு வரி போட்டு வசூலிக்கத் தெரிந்த சந்துக்கு இது பெரிய காரியமா?

ஊரில் ஓலைக் குடிசையானாலும் திண்ணை இருந்தது, கொல்லை வாசல் இருந்தது, முன்னும் பின்னும் காற்று ஓடியது. பிழைப்பைத் தேடி வந்தவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள். பணம் சேர்ந்ததும் ஊரில் மாடி வீடு கட்டுகிறார்கள், அதில் வருடத்துக்கு இரண்டு வாரம் தங்குகிறார்கள். மீதி ஐம்பது வாரம் மூச்சு விடுவது இந்தப் பத்தடி அறையில்தான். அடுத்த போனஸ் பணத்தில் முதல் செலவு அந்த அறைக்கு ஒரு ஜன்னலாகவும், கூரையில் ஒரு விசிறியாகவும் இருக்கட்டும்.