சான்றிதழும் இடுப்புக் கயிறும்

சான்றிதழ் என்றால் மாணவர்களாகிய நமக்கு மதிப்பு மிகுதி. ஆனால் படிக்காமலே பட்டம் வாங்கிய மருத்துவரிடம் நம் உடலை ஒப்படைப்போமா? மாட்டோம். அவ்வாறிருக்க, பாதுகாப்பு முறை எதனையும் கைக்கொள்ளாமலே "பாதுகாப்பான ஒப்பந்தக்காரர்" என்று தாள் வாங்கியவரிடம் தொழிலாளியின் உயிரை ஒப்படைக்கிறோமே, இது முறையா? இதனைக் கேட்கும் கடமை எனக்கு உண்டு. அத்தகைய தாள் ஒன்றுக்கு நானே உடந்தையாக இருந்தேன்.

என் தந்தையார் வடாலாவில் சிறு காண்டிராக்டர். நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்து, பெயிண்ட் அடிக்கும் கூலியாளாகத் தொடங்கியவர். இன்று ஒன்பது ஆட்களை வைத்துக் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிறார். தண்ணீர்த் தொட்டிகளுக்குக் கசிவுத் தடுப்புப் பூச்சு இடுகிறார். பெரிய வேலை வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 45001 சான்றிதழ் காட்ட வேண்டும் என்றார்கள். ஏழே நாளில் வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் வந்தார். "எம்.எஸ்ஸி. படிக்கியேல்லா, இத நீயே எழுதிக் குடு" என்றார் தந்தையார். இரண்டு இரவுகளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது பேருக்கும் பயிற்சி தரப்பட்டது என்றும், தொட்டியில் இறங்குமுன் காற்று சோதிக்கப்படுகிறது என்றும் எழுதினேன். இரண்டும் பொய்.

மூன்று மாதம் கழித்து ஒரு நிலத்தடித் தொட்டியில் பூச்சு வேலை. பூச்சில் கலந்திருந்தது டொலுயீன். அதன் மூலக்கூறு எடை 92. காற்றின் சராசரி 29. ஆகவே அதன் ஆவி மேலே எழாது, தொட்டியின் அடியில் தேங்கும். வாயருகே மின்விசிறி வைத்துப் பயனில்லை. அடியிலிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். தேர்வில் கேட்டால் இதனை அழகாக எழுதியிருப்பேன். தொட்டியில் இறங்கியவருக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் மயங்கிச் சாய்ந்தார். உடன் வேலை செய்பவர் தாமும் குதிக்கப் பாய்ந்தார். வயதான மேஸ்திரி அவரைத் தடுத்து, மேலிருந்தே கயிற்றை இழுத்தார். தொட்டியில் இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டுவது அந்த மேஸ்திரியின் நெடுநாள் வழக்கம். ஆள் பிழைத்தார். அந்தக் கயிற்றைப் பற்றி என் தாள்களில் ஒரு சொல்கூட இல்லை.

பிறகுதான் அந்தத் தரநெறியைப் படித்தேன். 2018 மார்ச்சில் வெளியான அது, தாளை மட்டும் கேட்கவில்லை. தொழிலாளரைக் கலந்துகொண்டே இடர்களை அறிய வேண்டும் என்கிறது. முதலில் இடரையே நீக்கு. இயலாவிடில் தீங்கு குறைந்த பொருளுக்கு மாறு. பிறகு கருவி, பிறகு ஒழுங்குமுறை. முகமூடியும் தலைக்கவசமும் கடைசியில்தான் என்கிறது. ஐ.எஸ்.ஓ. தானே சான்றிதழ் வழங்குவதில்லை. தணிக்கை நிறுவனங்கள் வழங்குகின்றன. முறையான தணிக்கை இரு கட்டங்களில் நடைபெறும், மூன்றாண்டுக்குச் செல்லும், ஆண்டுதோறும் மறுபார்வை உண்டு. ஏழு நாளில் இத்தனையும் எங்ஙனம் நடக்கும்?

தாளை நம்பினால் என்ன நேரும் என்பதை இந்நகரம் அறியும். 2024 மே 13-ஆம் நாள் வீசிய புழுதிப் புயலில் காட்கோபரில் விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் மாண்டனர். மாநகராட்சி இசையும் பெரும அளவு 40க்கு 40 அடி; அங்கு நின்றது ஏறத்தாழ 120க்கு 120 அடி. அதற்கும் உறுதிச் சான்றிதழ் ஒன்று இருந்தது! அதனை வழங்கிய பொறியாளர் பின்னர்க் கைதானார். அதே நாளில் எங்கள் வடாலாவிலும், கட்டி முடியாத இரும்பு வாகன நிறுத்தக் கோபுரம் ஒன்று சாலையில் சாய்ந்தது.

குற்றம் சிறு காண்டிராக்டர்மீது மட்டுந்தானா? அன்று. வேலை கொடுப்போர் சான்றிதழையும் கேட்கிறார்கள். குறைந்த விலையையும் கேட்கிறார்கள். காற்றுக் குழாயும் பயிற்சி நாளின் கூலியும் கணக்கில் ஏறினால் டெண்டர் கைநழுவும். எனவே பாதுகாப்புச் செலவை விலைப் போட்டிக்கு வெளியே தனி இனமாக வைத்து, அதனை முழுமையாகக் கொடுக்க வேண்டும். இல்லையேல் பொய்த்தாளை அவர்களே விலை கொடுத்து வளர்க்கிறார்கள் என்பேன்.

தந்தையார் அந்தச் சான்றிதழைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார். அதனால் கைக்கு வரவிருந்த வேலை ஒன்று போயிற்று. வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இப்போது முறைப்படி பெறுவதற்கு ஆயத்தம் செய்கிறோம். முதல் தாளை நான் தமிழில் எழுதினேன். மேஸ்திரி சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் வரி கயிறு.

சங்கத் தோழர்களே! வடாலாவிலும் தாராவியிலும் இத்தகைய சிறு காண்டிராக்டர்கள் நம்மவரிலேயே பலர் உள்ளனர். அவர்கள் பிள்ளைகள் நம்மோடு படிக்கின்றனர். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அவர்கள் ஆட்களோடு அமர்ந்து, வேலையின் இடர்களைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டுவோமா? ஆங்கிலத்தில் பொய் எழுதித் தரும்படி நம் வீட்டார் கேட்கும் நாள் ஒன்று வரும். அன்று மறுப்பதற்கேனும் இந்தப் பழக்கம் நமக்குத் துணை நிற்கும்.