புதுத் தளமும் ஆசிட் புட்டியும்

பழைய மயிலாப்பூர் வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரை, துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறும். இப்பொழுதோ மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு எங்கும் வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் போர்ஸலேன் தளக்கற்கள் வந்துவிட்டன. களிமண் முதலியவற்றை அழுத்தி, சுமார் 1,200 டிகிரி உஷ்ணத்தில் சுட்ட கல் இது. தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு ஜலத்தைக்கூட உட்கொள்வதில்லை. ஆகையால் இதற்கு மெழுகும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். பூசினால் மழை நாளில் வழுக்குவதுதான் பலன்.

இத்தனை உத்தமமான கல்லின் மேல், பதித்த சில நாட்களில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு படலம் தெரிகிறது. உடனே மேஸ்திரி, "ஒரு புட்டி ஆசிட் வாங்கிக் கொடுங்கள், ஸார், கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுகிறேன்" என்கிறார். நம்மவர்களும் யோசியாமல் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் படலம், கற்களின் சந்தை அடைத்த சிமெண்டுப் பூச்சின் மிச்சம். சந்தில் இருப்பதும் அதே சிமெண்டுதான். வேண்டிய சிமெண்டு, வேண்டாத சிமெண்டு என்ற பேதம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குத் தெரியாது. கல் பிழைத்துக்கொள்ளும், சந்து அரித்துப்போகும். புகையினால் இரும்புக் கதவு துருப்பிடிக்கும். குனிந்து தேய்க்கும் பணிப்பெண்ணின் கையும் மார்பும் எரியும். பிளீச்சிங் பவுடரும் அதனுடன் சேர்ந்தால் குளோரின் என்னும் விஷவாயுவே கிளம்பிவிடும்.

செய்ய வேண்டியது சுலபம். பூச்சு நன்றாய் இறுகச் சில நாள் பொறுக்க வேண்டும். முதலில் மணலைப் பெருக்கிவிட்டு, வெந்நீரில் சிறிது சோப்புத் திரவம் கலந்து நைலான் பிரஷ்ஷால் தேய்க்கலாம். இரும்பு நார் கூடாது. அழுக்கு ஜலம் காய்வதற்குள் நல்ல ஜலம் விட்டுத் தள்ளிவிட வேண்டும். காய்ந்தால் படலம் மறுபடியும் படியும். பிறகும் போகாவிடில், ஸல்பாமிக் அமிலம் கலந்த மிதமான திரவத்தைப் புட்டியில் கண்ட அளவுப்படி நீர்த்து, தளத்தை முன்னதாக நனைத்து, ஒரு மூலையில் பரீட்சித்த பின், கையுறையுடன் உபயோகிக்கலாம். எபாக்ஸியால் அடைத்த சந்தானால் இம்முறை உதவாது. அதை இறுகுமுன் அன்றே துடைத்தாக வேண்டும்.

அப்புறம் வாரம் ஒரு முறை கழுவினால் போதும். கோலத்துக் காவியும் ஐப்பசி மழையின் பாசியும் கல்லின் சொரசொரப்பில் தங்காமல் பிரஷ் போட வேண்டும்.

இன்னொரு விஷயம். 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. வாசலில் ஊற்றும் ஆசிட் அந்தக் குழி வழியே நமது கிணற்றுக்கே போய்ச் சேரும். கழுவும் நாளில் குழியின் வாயை அடைத்து, அழுக்கு ஜலத்தை வாளியில் அள்ளிக் கழிவுநீர்க் குழாயில் விடுவதற்குக் கால் மணி நேரம் ஆகலாம். வீட்டு எஜமானர்கள் அன்று கூடவே நின்று அதைக் கவனிப்பார்களாக!